பொருத்தாத தாழ்ப்பாள்

தாழ்ப்பாளில் துரு ஏறத் தொடங்கிவிட்டது.

ராமநாதபுரம் கடலிலிருந்து தள்ளித்தான் இருக்கிறது. ஆனாலும் காற்றில் உப்பு வந்துவிடுகிறது. இன்று காலை காகிதங்களின் மேலிருந்து அதை எடுத்தபோது உள்ளங்கையில் செம்மண் நிறத்தில் ஒரு கோடு. முகர்ந்து பார்த்தேன். இரும்பு வாசனை. கடையில் தடவியிருந்த எண்ணெயின் வாசனை எப்போதோ போய்விட்டது. திருகாணிகள் மட்டும் பொட்டலம் பிரிக்காமல் அப்படியே இருக்கின்றன.

எந்தக் கதவிலும் இது ஏறியதில்லை. நீதான் வாங்கினாய். நீதான் என் கையில் கொடுத்தாய். "வச்சுக்க. பேப்பர் பறக்காம இருக்கும்" என்றாய்.

இப்போது அதன் அடியில் இருப்பது உன் கடைசிக் கட்டுரை. பக்கத்தில் ஓர் அழைப்பிதழ். இங்குள்ள கல்லூரி ஒன்றில் நாளைக்குக் கருத்தரங்கு. 'பாலினமும் காலனிய நீக்கச் சிந்தனையும்: ஓர் ஆய்வாளரின் பங்களிப்பு.' உன் பெயருக்கு முன்னால் 'மறைந்த' என்று அச்சடித்திருக்கிறார்கள். உன் பங்களிப்பைப் பற்றி நான் பேச வேண்டும்.

பங்களிப்பு என்றால் நீ சிரித்திருப்பாய். "என்னடி, கல்யாண வீட்டு மொய் மாதிரி இருக்கு" என்றிருப்பாய்.

உரை எழுத உட்கார்ந்தால் வாக்கியம் வருவதில்லை. ஒரு வாரமாக இதே மேசை, இதே சுவர். உனக்கென்று எழுதினால் வருகிறது. அதனால் இது. உன் பெயரை இதில் எழுதப்போவதில்லை. உன் ஊரின் பெயரையும் எழுதப்போவதில்லை. காரணம் உனக்குத் தெரியும். படிக்கிற மற்றவர்களுக்குப் போகப்போகத் தெரியும்.

*

மதுரை. பல்கலைக்கழக விடுதி. நம் அறை ஜன்னலைத் திறந்தால் தண்ணீர்த் தொட்டியின் முதுகு. நீ கடற்கரை ஊரிலிருந்து வந்தவள். கப்பலில் சரக்கு ஏற்றிப் போன குடும்பம். இப்போது ஆண்கள் எல்லாம் வளைகுடாவில். நான் நயினார்கோவில் பக்கத்திலிருந்து வந்தவள். கண்மாயில் தண்ணீர் இருந்தால் நெல், இல்லாவிட்டால் இல்லை.

சாப்பாட்டுக் கூடத்தில் ஒருநாள் ஒருத்தி உன்னிடம் கேட்டாள்.

"உங்க ஊர்ல பொம்பளைங்க தெருவுக்கே வரமாட்டாங்களாமே, நெசமா?"

சப்பாத்தியைப் பிய்த்துக்கொண்டே சொன்னாய். "நெசந்தான். எங்களுக்குத் தேவைப்படல."

"அப்ப வெளிய எப்படித்தான் போவீங்க?"

"உள்ளாற வழியா."

மேசையே சிரித்தது. நீயும் சிரித்தாய். நான் அறைக்கு வந்து திரும்பக் கேட்டேன். "லீவுக்கு வா. காட்டுறேன்" என்றாய்.

வந்தேன். பேருந்து வாலிநோக்கம் விலக்கைத் தாண்டும்போது வெயிலில் கண் கூசியது. பிறகு உன் தெரு. இரண்டு பக்கமும் உயர்ந்த சுவர்கள், சாத்திய கதவுகள். ஒரு பெண்ணைக்கூடப் பார்க்கவில்லை. அடைத்த ஊர் என்றுதான் நினைத்தேன். உன்மேல் பரிதாபம்கூட வந்தது. அதை நீ கவனித்தாய் என்று நினைக்கிறேன்.

சாப்பிட்டதும், "வா, வெளிய போயிட்டு வருவோம்" என்று எழுந்து அடுப்படிக்குள் போனாய்.

அடுப்படியின் பக்கச் சுவரில் ஒரு கதவு. குள்ளமாக, குனிந்து நுழையும்படி. நீ தட்டவில்லை. "சாச்சி, வாரேன்" என்று குரல் மட்டும் கொடுத்துவிட்டுத் தள்ளினாய். அந்தப் பக்கம் இன்னோர் அடுப்படி. உன் உம்மாவின் தங்கை அங்கே உட்கார்ந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்காமலே, "யாரு இது?" என்றார்.

"என் ரூம்மேட்டு. நயினார்கோவில் பக்கம்."

அவர் அடுப்படியிலும் ஒரு கதவு. அதற்கடுத்த வீட்டில் ஒரு பெண், பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டார்: "நயினார்கோவில் புள்ள இதுதானா? மீன் திம்பியா மாட்டியா?" நாம் வருவதற்குள் செய்தி அங்கே போய்ச் சேர்ந்திருந்தது. அடுத்த அடுப்படியில் தட்டில் வறுத்த மீன் தயாராக இருந்தது. அதற்கடுத்ததில் ஒரு கல்யாணத்துக்கு எந்தச் சட்டைத் துணி என்று சண்டை. என்னையும் நியாயம் சொல்லச் சொன்னார்கள். ஒரு வீட்டில் பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி கணக்கை நீட்டினாள். நீ நின்று போட்டுக் கொடுத்தாய். கடைசி வீட்டின் கதவைத் தள்ளியபோது வெறும் மணல். தாழை. கடல்.

தெருவில் கால் வைக்காமல் ஊரின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு வந்திருந்தோம்.

"நீ வரும்போது பார்த்தது ஆம்பளைங்க தெரு. இது எங்க தெரு" என்றாய்.

திரும்பும்போதுதான் கவனித்தேன். எந்தக் கதவிலும் தாழ்ப்பாள் இல்லை. இந்தப் பக்கமும் இல்லை, அந்தப் பக்கமும் இல்லை. கேட்டேன். "அக்கா தங்கச்சிங்க வீடுதானே எல்லாம். யாருக்கு எதிரா தாழ் போட?" என்றாய். உங்கள் வழக்கத்தில் வீடு மகளுக்குத்தான். மாப்பிள்ளைதான் வந்து தங்குவார். ஆகவே அடுத்தடுத்த வீடுகளில் அக்காவும் தங்கையும், அவர்கள் மகள்களும்.

"என் வாப்பா இந்த வீட்டுக்கு மாப்பிள்ளையா வந்தாரு. மவுத்தாகுற வரைக்கும் கூடத்துலதான் படுத்தாரு. ரேஷன் கார்டுல மட்டும் குடும்பத் தலைவர்" என்றாய். உன் உம்மா உள்ளேயிருந்து, "மனுசன கிண்டல் பண்ணாத" என்றார். அவரும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்.

இன்னொன்றும் பார்த்தேன். முதல் வீட்டின் வெளிப்படியில் கூடையோடு ஒரு மீன்காரம்மா. "இவங்க இந்தக் கதவு வழியா வருவாங்களா?" என்று கேட்டேன்.

"வரமாட்டாங்க."

"ஏன்?"

"அதையும் எழுதணும்" என்றாய்.

*

எழுதினாய். அந்த முதல் கட்டுரையைத்தான் நாளை எல்லோரும் மேற்கோள் காட்டப்போகிறார்கள்.

நான் புரிந்துகொண்டபடி சொல்கிறேன். வெள்ளைக்காரன் காலத்தில் சங்கிலி பிடித்து ஊரை அளக்க வந்தவர்கள் வாசல் வழியாகத்தான் வந்தார்கள். வாசலில் நின்றவரிடம் வீடு யாருடையது என்று கேட்டார்கள். நின்றவர் ஆண். மனைவியின் வீட்டில் தங்கியிருந்த மாப்பிள்ளை. அவர் பெயர் ஏறியது. வரைபடத்தில் தெரு ஏறியது. அடுப்படி வழி ஏறவில்லை. வரைபடத்தில் இல்லாத வழியில் நடந்தவர்கள் நடக்காதவர்கள் ஆனார்கள். வீட்டுக்குள் அடைந்து கிடக்கும் பெண் என்ற படம் அப்படித்தான் உண்டானது. பிறகு அவளை மீட்க வந்தவர்களும் சரி, அவளை அப்படியே காக்க வேண்டும் என்றவர்களும் சரி, அதே வரைபடத்தைத்தான் கையில் வைத்திருந்தார்கள்.

வீடு என்றால் உள், தெரு என்றால் வெளி. உள் பெண்ணுக்கு, வெளி ஆணுக்கு. இந்தக் கோடு எங்கும் எப்போதும் இருந்தது என்று நாம் படித்தோம். நீ உன் அடுப்படியைக் காட்டி, இங்கே அந்தக் கோடு எங்கே என்று கேட்டாய். அவ்வளவுதான். அது சின்னக் கேள்வி இல்லை.

தட்டச்சு செய்த பக்கங்களை முதலில் எனக்குத்தான் கொடுத்தாய். படித்துவிட்டு நான் சொன்னது உனக்குப் பிடிக்கவில்லை.

"எங்க அம்மா பகல் முழுக்க வயல்ல குனிஞ்சு நிக்கிறா. அவளுக்கு உள்ளயும் இல்ல, வெளியும் இல்ல. அவ எந்தக் கதவு வழியா வருவா?"

"அது உன் கட்டுரை. நீ எழுது."

"மீன்காரம்மா?"

"ரெண்டு பத்தி இருக்குல்ல."

"படியிலயே உக்கார வச்சிருக்க."

மறுநாள் அந்த இரண்டு பத்திகளைக் கிழித்துவிட்டுத் திரும்ப எழுதினாய். கதவு எல்லோருக்கும் திறந்திருக்கவில்லை, யாருக்குத் திறக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் இது ஊர்ப் பெருமை ஆகிவிடும் என்று எழுதினாய். நாளை அந்தப் பகுதியை யாரும் வாசிக்கமாட்டார்கள். கருத்தரங்கு ஒருங்கிணைப்பாளர் நேற்றே போனில் சொல்லிவிட்டார். "நம்ம மரபுல பெண்களுக்கு எவ்வளவு இடம் இருந்துச்சுங்கிறத அழுத்திச் சொல்லிருங்க மேடம். பாசிட்டிவா முடிங்க."

நம் காலத்தில் பேசக் கிடைப்பது இரண்டு வாக்கியங்கள். நம் பெண்கள் அடிமைகளாக இருந்தார்கள். நம் பெண்கள் சுதந்திரமாக இருந்தார்கள். ஒன்றிலிருந்து தப்பினால் மற்றதில் போய் விழுகிறோம். நீ இரண்டிலும் விழாமல் நின்றாய். நின்ற இடம் மிகவும் குறுகல்.

*

பிறகு நீ வடக்கே போனாய். ஒரு பல்கலைக்கழகத்தில் வேலை. வெளிநாட்டில் கட்டுரை வாசித்தாய். கல்யாணம் வேண்டாம் என்றாய். "வீடு எனக்கு வேணாம், தங்கச்சிக்கே குடுத்துருங்க" என்று உம்மாவிடம் சொன்னாய். அந்த வீடு உன் தங்கையின் வீடானது. அவள் மாப்பிள்ளை சவூதியில்.

ஒருநாள் நான் பாடம் நடத்தும் கல்லூரிக்கு உன் போன். "நான் ராம்நாட்டுல எறங்குறேன். நீயும் வா. அடுப்படிக் கதவ அடைக்கப் போறாளாம்."

பேருந்து நிலையத்தில் உன்னைப் பார்த்தேன். வடக்கிலிருந்து வந்த ரயில் அழுக்கோடு நின்றாய். கோபமாக இருந்தாய். எதிரில் ஓர் இரும்புக்கடை. திடீரென்று அதற்குள் போய் ஒரு தாழ்ப்பாள் வாங்கினாய். நல்ல கனம். "இவ்வளவுதானே வேணும் அவளுக்கு. இதுக்குப் போயி சுவரா?" என்றாய். உன் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. நானும் அது சரி என்றுதான் நினைத்தேன்.

நாம் போனபோது கொத்தனார் முற்றத்தில் சிமெண்ட் குழைத்துக்கொண்டிருந்தார். அடுப்படியில் அந்தக் குள்ளக் கதவைக் கழற்றிச் சாய்த்து வைத்திருந்தார்கள். நிலை மட்டும் நின்றது. நிலைக்கு அந்தப் பக்கம் சாச்சி. அவருக்குப் பின்னால் இன்னும் இரண்டு மூன்று பெண்கள். இந்தப் பக்கம் உன் தங்கை, இடுப்பில் துணியைச் செருகிக்கொண்டு.

"தேத்தண்ணி குடிச்சிட்டுப் பேசுங்க" என்று உம்மா சொல்லிக்கொண்டே இருந்தார். யாரும் குடிக்கவில்லை. கொத்தனார் மட்டும் குடித்தார்.

சாச்சிதான் ஆரம்பித்தார். "வந்துட்டியா மவளே. கேளு உன் தங்கச்சிய. நாளைக்குக் கொழம்புக்கு உப்பு இல்லைன்னா என்ன பண்ணுவாளாம்? புர்காவ மாட்டிக்கிட்டுத் தெருவச் சுத்தி வருவாளாம். பத்தடி தூரத்துக்கு."

"உப்பு வாங்கி வச்சுக்கிர்றேன் சாச்சி" என்றாள் உன் தங்கை.

"வாங்கி வப்படி. சவூதி உப்பு."

பின்னாலிருந்த பெண்கள் சிரித்தார்கள். நீ தங்கையிடம் திரும்பினாய். உன் கட்டுரையில் எழுதியதையெல்லாம் ஊர்ப்பேச்சில் சொன்னாய். இந்தக் கதவு போனால் என்ன போகும் என்று. பெண்கள் தெருவுக்கு வர வேண்டியிருக்கும். தெருவுக்கு வந்தால் மூட வேண்டியிருக்கும். சுவர் ஏற ஏறக் கறுப்புத் துணியும் ஏறும் என்று. எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

அக்கா பேசி முடிக்கும்வரை அவள் கேட்டாள்.

"லாத்தா, நீ பெருநாளைக்கு வருவே. இந்த வழியா ஒரு தடவ நடந்துட்டு ரயிலேறிப் போயிருவே. நான் வருசம் பூரா இதுலதான் இருக்கேன். அவரு போன் பண்ணினா நான் என்ன பேசுனேன்னு கடைசி வீட்டுல சொல்றாங்க. அழணும்னாகூட யாரு எப்ப தள்ளிக்கிட்டு வருவாங்களோன்னு பயந்துக்கிட்டே அழவேண்டியிருக்கு. அழுதா, ஏன் அழுதேன்னு சாயங்காலம் அவங்கதான் எனக்குச் சொல்றாங்க."

அதன் பிறகு அவள் இன்னொன்றும் சொன்னாள். அவளுக்கு நேர்ந்த ஓர் இழப்பைப் பற்றி. அவள் எழுந்து உட்காருவதற்கு முன்னாலேயே தெரு முழுக்கத் தெரிந்துபோன இழப்பு. அது என்ன, அவள் எந்தச் சொற்களில் சொன்னாள் என்பதை இங்கே எழுதமாட்டேன்.

பிறகு அவள் சொன்னாள். "எனக்குச் சாத்த ஒரு கதவு வேணும் லாத்தா. அவ்வளவுதான்."

நீ பையைத் திறந்து தாழ்ப்பாளை எடுத்தாய். "இதோ. கதவு இருக்கட்டும். உன் பக்கம் இதப் போட்டுக்க. வேணும்போது சாத்திக்க. வேணும்போது தெற."

அவள் முகத்தில் ஒரு கணம் விருப்பம் தெரிந்தது. நான் பார்த்தேன்.

சாச்சி அந்தத் தாழ்ப்பாளைப் பார்த்தார். அவ்வளவு நேரம் கிண்டல் செய்துகொண்டிருந்தவர். உதடு நடுங்கியது.

"என் மூஞ்சிக்கு நேரா தாழ்ப்பாளா?"

"சாச்சி, அது உங்களுக்கு இல்ல..."

"பின்ன யாருக்கு? இந்தப் பக்கம் நான்தானே இருக்கேன். அவ ஒவ்வொரு தடவ தாழ் போடும்போதும் எனக்குச் சத்தம் கேக்கும்ல. இன்னிக்கு என்னைய வேணாங்கிறா, இப்ப வேணாங்கிறா, இந்தச் சோத்து நேரத்துக்கு வேணாங்கிறான்னு." கொத்தனாரைப் பார்த்தார். "சுவரு வைங்கண்ணே. சுவருன்னா வீடு கட்டுறா, எடுத்துக் கட்டுறான்னு போயிரும். யாரும் யாரையும் வேணான்னு சொல்லல."

உன் தங்கை தாழ்ப்பாளை உன்னிடம் திருப்பிக் கொடுத்தாள். அவளும் அந்தத் தெருவில் பிறந்தவள். அவளுக்கு அது உடனே புரிந்தது. "சாச்சி சொல்றதுதான் சரி" என்றாள். அன்று அந்த இருவரும் ஒத்துப்போனது அந்த ஒன்றில்தான்.

நீயும் அங்கே பிறந்தவள்தான். யாருக்கு எதிராகத் தாழ் போட என்று என்னிடம் கேட்டவள். பேருந்து நிலையத்து இரும்புக்கடையில் அது உனக்கு நினைவில் இல்லை.

கடைசி வரிசைக் கல் வைக்கும்வரை நின்றோம். சாச்சியின் காலும் சேலையும் மறைந்தன. இடுப்பு மறைந்தது. அவர் நகரவில்லை. முகம் மறையப்போகும்போது, "மவளே, இருந்து சாப்பிட்டுப் போ. மீன் ஆனம் வச்சிருக்கேன், குடுத்து விடுறேன்" என்றார். எந்த வழியாகக் கொடுத்துவிடுவார் என்று யாரும் கேட்கவில்லை.

பேருந்தில் தாழ்ப்பாளை என்னிடம் கொடுத்தாய். ராமநாதபுரம் நெருங்கும்போது சொன்னாய். "அவ சொன்னதுக்கு என்கிட்ட பதில் இல்லடி. சாச்சி சொன்னதுக்கும் இல்ல."

*

மூன்று நான்கு ஆண்டுகள். பிறகு நோய். வடக்கில் சிகிச்சை பார்த்தாய். இனிப் பார்க்க ஒன்றுமில்லை என்றதும் ஊருக்கு வந்தாய். உனக்கென்று வீடு இல்லை. தங்கை வீட்டில், அந்தச் சுவரை ஒட்டிய அறையில் கட்டில் போட்டார்கள்.

நான் சனி ஞாயிறுகளில் வருவேன். சுவர் வெள்ளையடித்துப் புதிதாகவே இருந்தது. அதைப் பார்த்தபடி படுத்திருப்பாய்.

"சாச்சி அரைக்கிறது கேக்குது. என்ன அரைக்கிறான்னு தெரியல" என்றாய் ஒருநாள்.

சாச்சி வருவார். முட்டிவலியோடு, கறுப்புப் புர்காவை மாட்டிக்கொண்டு, வாசலைச் சுற்றி. வந்து உட்கார்ந்து மூச்சு வாங்குவதற்குள் உனக்குத் தூக்கம் வந்துவிடும். பத்தடி தூரத்தில் இருப்பவர், வாரத்தில் ஒரு நாள் பார்க்க வரும் விருந்தாளி ஆகிவிட்டார்.

ஆனால் இதையும் சொன்னாய். "அந்தச் சுவரு இல்லைன்னா நான் வாந்தியெடுக்கிறத ஊரே கேட்டுக்கிட்டிருக்கும். தலைல முடி இல்லாம இப்படிக் கெடக்குறத ஒவ்வொருத்தியா வந்து பார்த்து அழுவாங்க. அவ யாரையும் விடமாட்டேங்கிறா. அவளாலதான் மரியாதையா சாகுறேன்."

உன் தங்கை அப்போது உன் கால்களைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "சாகுறேன்னு சொன்னா தண்ணிய மேல ஊத்திருவேன்" என்றாள்.

அவளிடம் கேட்டாய், "சுவரு வச்சது நிம்மதியா இருக்கா?"

யோசித்தாள். "நிம்மதிதான் லாத்தா. பயமாவும் இருக்கு. கதவச் சாத்தினா வீடு ரொம்பப் பெருசாயிடுது."

அந்த அறையில் படுத்தபடி கடைசிக் கட்டுரையை எழுதினாய். கை வராத நாட்களில் நீ சொல்ல நான் எழுதினேன். முதல் கட்டுரையோடு நீயே சண்டை போட்டாய். நமக்கு முன்னால் இருந்ததைத் திரும்பக் கொண்டுவந்து வைப்பதற்குப் பெயர் காலனிய நீக்கம் இல்லை என்றாய். வந்தவர்கள் நம் கதவைப் பார்க்கவில்லை, அது உண்மை. நாம் அந்தக் கதவுக்குள் இருந்தவளைப் பார்க்கவில்லை, அதுவும் உண்மை. நான் அடிக்கோடிட்டு வைத்திருக்கும் இடம்: 'கதவு யாருடையது என்று கேட்டேன். யார் அதைச் சாத்தலாம், சாத்தினால் மறுபக்கம் இருப்பவளுக்கு நோகாமல் இருக்க நாம் எப்படிப்பட்ட உறவாக இருக்க வேண்டும் என்று கேட்கவில்லை.'

அதற்கடுத்த பக்கம்தான் கடைசிப் பக்கம். உன் தங்கை அன்று அடுப்படியில் சொன்னது. அந்த இழப்பு, அவள் சொற்களில். கட்டுரை முழுவதும் அந்தப் பக்கத்தை நோக்கித்தான் நடக்கிறது. அதை எடுத்துவிட்டால் மேலே உள்ளது வெறும் கருத்து.

முடித்த அன்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாய். "இப்ப அவகிட்டக் கேக்க எனக்குத் தைரியம் இல்ல. நான் கேட்டா சரின்னுருவா. சாகப்போறவ கேட்டா யாரு மாட்டேம்பா. அப்புறமா நீ கேளு. அவ சரின்னா அச்சுக்குக் குடு."

*

போன ஞாயிறு கேட்டேன். நீ போய் ஓர் ஆண்டு கழித்து.

அவள் கதவைத் திறந்தாள். மூன்று தாழ்கள். ஒவ்வொன்றாக விலகும் சத்தம். உன் கட்டில் இருந்த அறையில் உட்கார்ந்தோம். கட்டிலை எடுத்துவிட்டாள். நீ ஆங்கிலத்தில் எழுதியதைத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். கடைசிப் பக்கம் வந்ததும் நிறுத்தினேன். "படிங்க" என்றாள். படித்தேன்.

சுவரைப் பார்த்தபடி சொன்னாள்.

"நல்லா எழுதியிருக்கு லாத்தா. நான் சொன்ன மாதிரியே இருக்கு." பிறகு, "வேணாங்க்கா" என்றாள்.

"பேர் போடமாட்டோம். ஊர் போடமாட்டோம்."

"எங்க தெருவுல பேர் போடாமத்தான் எல்லாத்தையும் பேசுனாங்க. அவளுக்கு அப்படியாமேன்னு. எல்லாருக்கும் தெரியும் எவளுக்குன்னு." முந்தானையை விரலில் சுற்றினாள். "போனு, அழுகை, அதெல்லாம் எல்லாப் பொம்பளைக்கும் உள்ளதுதான். சொல்லிக்கங்க. லாத்தா கேட்ட கேள்வியச் சொல்லுங்க. அந்தக் கடைசிப் பக்கம் வேணாம். அத லாத்தாவுக்குச் சொன்னேன். ஊருக்குச் சொல்லல."

என் முகத்தில் ஏமாற்றம் தெரிந்திருக்க வேண்டும்.

"உங்களுக்கு மனசு நோகுதா?" என்று கேட்டாள்.

கேள்வி என்னைக் கட்டிப்போட்டது. அவள் சாத்துகிறாள். மறுபக்கம் நான் நிற்கிறேன். நீ எழுதிய கேள்வி இப்போது காகிதத்தில் இல்லை, எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்தது. 'இல்லை' என்று சொன்னேன். பாதி பொய். அவளுக்கும் அது தெரியும். எழுந்து போய்த் தேத்தண்ணி போட்டு வந்தாள். இந்த முறை குடித்தேன்.

கிளம்பும்போது வாசலில் கேட்டாள். "அந்தத் தாழ்ப்பாள் உங்ககிட்டதானே இருக்கு?"

"ஆமா. வேணுமா?"

"வேணாம். இருக்கான்னு கேட்டேன்."

எனக்குப் பின்னால் மூன்று தாழ்களும் விழுந்தன. படியிலேயே கொஞ்ச நேரம் நின்றேன். சாச்சி சொன்னது சரி. சத்தம் கேட்கத்தான் செய்கிறது.

*

ஆகவே நாளை என்ன பேசுவது என்று தெரியாமல் ஒரு வாரம். கடைசிப் பக்கத்தோடு பேசினால் அவள் வீட்டுச் சுவரை நான் இடிக்கிறேன். அது இல்லாமல் பேசினால் உன்னைப் பாதியாகக் காட்டுகிறேன். பேசாமலே இருந்தால் முதல் கட்டுரை மட்டும் மிஞ்சும். ஒருங்கிணைப்பாளர் உன்னை மரபுப் பெருமைக்குள் வைத்துச் சாத்திவிடுவார். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்தான். நீ அந்தக் கட்டிலில் எப்படிப் படுத்திருந்தாய் என்று இப்போது கொஞ்சம் தெரிகிறது.

எனக்கு முடிந்தது இதுதான். முதல் கட்டுரையில் தொடங்குவேன். மீன்காரம்மா உட்கார்ந்திருந்த படியை விடாமல் வாசிப்பேன். என் அம்மா நிற்கும் வயலையும் சொல்வேன்; அதை எழுது என்று நீ சொல்லி எத்தனையோ ஆண்டாயிற்று. பிறகு தாழ்ப்பாளைப் பற்றி, சாச்சியின் உதடு நடுங்கியதைப் பற்றி. பிறகு உன் கேள்வி. கேள்வியோடு நிறுத்திவிடுவேன். பாசிட்டிவாக முடிக்கவில்லையே என்பார்கள். அதற்கடுத்து என்ன எழுதியிருந்தார் என்று யாராவது கேட்பார்கள். இருக்கிறது, வாசிக்க அனுமதி இல்லை என்பேன். உன் பங்களிப்பு எது என்று அவர்களுக்கு வேறெப்படியும் என்னால் காட்ட முடியாது.

காகிதங்களைப் பைக்குள் எடுத்து வைத்துவிட்டேன். கடைசிப் பக்கம் மட்டும் மேசையில் இருக்கிறது. ஜன்னல் வழியாகக் கிழக்குக் காற்று வருகிறது. துருவைத் துடைத்துவிட்டு அந்தப் பக்கத்தின் மேல் தாழ்ப்பாளை வைத்திருக்கிறேன்.